டொக்டொக் துரைப்பழத்தின் அரைமணி நேரங்கள்

சாலிகிராமத்தில் லைட்மேன் சந்து என்று ஒரு சந்து இருந்தது. அதில் சினிமாவுக்கு விளக்குப் பிடிப்பவர்களும், நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுபவர்களும், நாயகிக்குப் பதிலாக மைக் முன்னால் அழுபவர்களும், கல்யாணக் காட்சியில் கடைசி வரிசையில் நின்று அட்சதை போடுபவர்களும் குடியிருந்தார்கள். அந்தச் சந்தின் நடுவில், வெளிப்படி ஏறினால் வரும் மாடிவீட்டில், செல்லக்கனி என்ற பெண்பிள்ளை தனியாக இருந்தாள், அவள் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு அந்தப் புருஷன் வந்து கதவைத் தட்டினான்.

செத்தவன் வந்து கதவைத் தட்டினால் வேறு இடங்களில் வேப்பிலை தேடுவார்களோ ஓட்டம் பிடிப்பார்களோ தெரியாது. லைட்மேன் சந்தில் யாரும் ஓடவில்லை, அங்கே பாதிப்பேர் காலையில் செத்து மத்தியானம் எழுந்து பிரியாணி சாப்பிட்டுப் பழகியவர்கள். எதிர்வீட்டு தணிகாசலம் மாஸ்டர், சண்டைக் காட்சிகளில் விழுந்து விழுந்தே முதுகு வளைந்தவர், பனியனோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா, அண்ணனுக்கு ரீ-என்ட்ரியா?" என்று கேட்டதோடு சரி.

அந்தப் புருஷன்தான் டொக்டொக் துரைப்பழம். ஒரு காலத்தில் அவர் இல்லாத படம் இல்லை, கதவு இல்லாத துரைப்பழமும் இல்லை. மூடிய கதவுக்கு முன்னால் வந்து நின்று டொக் டொக் என்று தட்டுவார், உள்ளேயிருந்து யாரது என்று குரல் வரும், உடனே தபால்காரராகப் பேசுவார், திறக்கவில்லை என்றால் போலீஸ்காரராகப் பேசுவார், பிறகு பெண்வீட்டு அத்தையாகப் பேசுவார். எல்லாக் குரலும் தீர்ந்துபோன மாதிரி தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடைசியில் தன் சொந்தக் குரலில் சின்னதாக "நான்தான்" என்பார், தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், ஏனென்றால் அந்த "நான்தான்"-க்குப் பிறகுதான் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பெரிய குரல் கிளம்பும், கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு எழும். கிராமத்துப் படமென்றால்கூட வயற்காட்டு நடுவில் ஒரு கதவை நட்டுவைத்து அவரைத் தட்டச் சொன்ன டைரக்டர்கள் உண்டு. இப்பேர்ப்பட்ட மனுஷன் குடித்தார். ஏன் குடித்தார் என்று யாருக்கும் தெரியாது, குடித்தே படங்களைத் தொலைத்தார், ஒரு மழைநாளில் தன் வீட்டு மாடிப்படியிலேயே செத்துக் கிடந்தார்.

அவர் கதையைத்தான் இளஞ்சேரன் என்ற வாலிப டைரக்டர் 'ஊரைச் சிரிக்க வைத்தவன்' என்று டெலிவிஷன் தொடராக எடுத்தான். செல்லக்கனியிடம் வந்து கதை கேட்டபோது, அவர் ஊரைவிட்டு ஓடிவந்தது, வாய்ப்புக் கேட்டு அலைந்தது, குடித்தது, விழுந்தது எல்லாம் சொன்னாள், கடைசிச் சாயங்காலத்தை மட்டும் சொல்லவில்லை. "நெஞ்சுவலி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். தொடரின் முதல் பாட்டு சந்து முழுக்க எல்லா வீட்டு டிவிப் பெட்டியிலும் ஒரே நேரத்தில் பாடி முடிந்தபோதுதான் அவள் வீட்டுக் கதவில் அந்தச் சத்தம் கேட்டது.

திறந்தாள். இருபத்திரண்டு வயது துரைப்பழம் நின்றான். கையில் தகரப்பெட்டி, பெட்டிமேல் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, மீசை என்று சொல்ல முடியாத ஒரு மீசை, பின்னாளில் உடைந்துபோன முன்பல் முழுசாக இருந்தது.

"அக்கா, இங்கன சினிமாவுக்கு ஆள் எடுக்காவளாமே, எந்தப் பக்கம் போவணும்?"

செல்லக்கனி கதவை இன்னும் அகலத் திறந்தாள். "என்னையத் தெரியலையா?" என்றாள்.

"தெரியலையேக்கா. ஆனா நம்ம ஊருப் பேச்சுல்லா பேசுதிய. உடன்குடிப் பக்கமா?"

"ஆமா," என்றாள் செல்லக்கனி, "அந்தப் பக்கந்தான்." தம்பி என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், நாக்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே பெட்டிகளில் 'தொடரும்' என்று போட்டு முடித்தார்கள், ஆள் மறைந்தான், டம்ளர் மட்டும் அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத் தரையில் விழுந்து உருண்டது.

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான், சந்துக்காரர்கள் ஒரு வாரத்துக்குள் அவன் வருகையின் முறையைக் கண்டுகொண்டார்கள். தொடரில் அன்றைக்கு அவனுக்கு என்ன வயசோ அந்த வயசில் வருவான், என்ன சட்டையோ அந்தச் சட்டை, தொடரில் அடிபட்டால் நெற்றியில் பிளாஸ்திரியோடு வருவான், கன்டினியூட்டி கச்சிதம் என்று தணிகாசலம் மெச்சிக்கொண்டார். விளம்பரம் போடும்போது தூக்கிய கால் தூக்கியபடி, மென்ற வாய் மென்றபடி கொலுப்பொம்மை மாதிரி நின்றுவிடுவான், சோப்பும் சமையல் எண்ணெயும் பேசி முடிக்கும்வரை சந்தே அவனைச் சுற்றி உட்கார்ந்து சோப்புக்காரனைத் திட்டும். ஞாயிற்றுக்கிழமை தொடரும் இல்லை, துரைப்பழமும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் துணி துவைத்தார்கள்.

ஆச்சரியம் தீர்ந்ததும் நடைமுறைச் சிக்கல்கள் வந்தன. ரேஷன் கடைக்காரர் அட்டையில் பெயர் திரும்பச் சேர்க்கலாமா என்று மேலிடத்தில் கேட்டார், அரை மணி நேரத்து ஆளுக்கு அரிசி கிடையாது என்று பதில் வந்தது. செல்லக்கனி பூவும் பொட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கோவில் குருக்களிடம் போய்க் கேட்டார்கள், அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நழுவினார், கடைசியில் கீழ்வீட்டு பிலோமினாதான் தீர்ப்புச் சொன்னாள். "ஏழரையிலிருந்து எட்டு வரைக்கும் வச்சுக்கோக்கா. விளம்பரம் ஓடுறப்பவும் எடுக்க வேணாம். கர்த்தரே கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." பிலோமினா டப்பிங் குரல் கொடுப்பவள், ஆயுசு முழுக்க மற்றவர்களுக்காக அழுதவள். இந்தத் தொடரிலும் துரைப்பழத்தின் மனைவிக்கு அவள்தான் குரல்.

ஆனால் செல்லக்கனி பொட்டு வைக்கவில்லை. வந்தவன் அக்கா என்றல்லவா கூப்பிடுகிறான். தொடரில் இன்னும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே அவளைத் தெரியாது. அவளுக்கோ அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது, இத்தனை வருஷமாக நெஞ்சில் கல்லாகக் கிடப்பது, அந்தக் கடைசிச் சாயங்காலம் அவர் வந்து தட்டியபோது அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது. சந்துக்குள் எல்லோருக்கும் தெரியும், அவள் திறக்கவில்லை என்று. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் தன்னை அடையாளம் கண்டுகொள்கிற ஒரே ஒரு அரைமணி கிடைத்தால் போதும், சொல்லிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள், ஊரிலேயே ஒரு தொடரில் சீக்கிரம் கல்யாணம் நடக்க வேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்ட பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

தொடர் என்றால் சீக்கிரம் நடக்குமா? ஒரு நாள் முழுக்க அவன் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்தது. முதலில் மேலிருந்து காட்டினார்கள், பிறகு பக்கத்திலிருந்து, பிறகு தரையிலிருந்து. அன்றைக்குச் செல்லக்கனி வீட்டிலும் அவன் கிளாஸை மூன்று தடவை போட்டு உடைத்தான், ஒவ்வொரு தடவையும் இடி இடித்தது. இன்னொரு வாரம் முழுக்கப் படியேறினான், ஏறி முடிக்கவில்லை. "இழுக்கிறாங்கப்பா," என்று சந்தே தலையில் அடித்துக்கொண்டது. ஆனாலும் அவன் சும்மா வருகிறவனா? தணிகாசலம் ஷூட்டிங்கில் உடைக்க வைத்திருந்த அட்டைக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து சந்து நடுவில் நிறுத்தினார், அவன் தபால்காரனாகவும் போலீஸாகவும் தட்டித் தட்டிக் காட்டினான், அந்த வருஷம் சந்தில் நெஞ்சுச்சளி பிடித்த கிழவர்கள்கூடச் சிரித்தே பிழைத்தார்கள். செல்லக்கனியும் சிரித்தாள், சிரித்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய் அழுதாள்.

கடைசியில் தொடரில் கல்யாணம் வந்தது. அதுவே ஆறு நாள் நடந்தது, தாலியைக் கையில் எடுத்ததற்கும் கட்டியதற்கும் நடுவில் இரண்டு நாள் போனது. சந்தில் வாழைமரம் கட்டினார்கள், ஆயுசெல்லாம் கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டவர்கள் அன்றைக்கு முதல் வரிசையில் நின்றார்கள், பிலோமினா செல்லக்கனிக்கு மல்லிகைப்பூ வைத்து, விரலால் தொட்டு நெற்றியில் பொட்டு இட்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். மாலையும் கழுத்துமாக நின்றவர் (இனிமேல் அவன் இவன் என்று சொல்லக் கூடாது, கல்யாணம் ஆகிவிட்டது) அவளை மேலும் கீழும் பார்த்தார், முகம் மலர்ந்தது, பிறகு குழம்பியது.

"ஏட்டி கனி, காலையில தாலி கெட்டுதப்ப நல்லாத்தான இருந்த? சாயந்தரத்துக்குள்ள ஏன் இப்படி நரைச்சுப்போன?"

"உங்களுக்காகக் காத்திருந்தேன்."

"அதுக்குன்னு இவ்வளவா?" என்றார் துரைப்பழம், சந்து முழுக்கச் சிரித்தது, செல்லக்கனி அவர் மார்பில் முகத்தை வைத்து மாலை நசுங்கும்படி அழுதாள்.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல வாரங்கள், அவற்றை நல்லது என்றே சொல்லிவிட வேண்டும். அரைமணி நேரத்துக் குடித்தனம்தான், அதிலும் பாதி விளம்பரம், இருந்தாலும் ஊரில் முழுநாளும் கூடவே இருக்கிற எத்தனை புருஷன்மார் அந்த அரைமணியைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கிறார்கள்? அவள் ஏழரைக்கு மீன்குழம்பு சூடாக இருக்கும்படி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் சிரிச்சு முடிச்சதும் ஒரு அமைதி வரும் பாரு கனி. லைட்டெல்லாம் அணைச்சுருவான். அந்த அமைதிக்குள்ள என்னால ஒத்தையில நிக்க முடியலட்டி. அதான் குடிக்கேன் போலிருக்கு." உயிரோடு இருந்த காலத்தில் அவர் அவளிடம் சொல்லாத விஷயம் அது.

அவள் சொல்ல வந்ததைத்தான் சொல்ல முடியவில்லை. அன்னைக்கு நீங்க தட்டினப்போ, என்று தொடங்குவாள், "என்னைக்குட்டி?" என்று கேட்பார். தொடரில் அவர் இன்னும் சாகவில்லை, அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை, நடக்காததுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விடுவாள். சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு நாளை என்பது பெரிய வசதி.

சந்தோஷத்துக்கு ரேட்டிங் கிடையாது. இளஞ்சேரன் முகம் வாடி வந்து செல்லக்கனியின் வீட்டில் உட்கார்ந்தான், சந்தும் வந்து சுற்றி உட்கார்ந்தது. "அம்மா, புருஷனும் பொண்டாட்டியும் ஒழுங்கா இருந்தா யாரும் பாக்க மாட்டேங்கறாங்க. இந்த மாசத்தோட முடிச்சிடுன்னு சேனல்ல சொல்லிட்டாங்க."

முடிப்பதென்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சாவார், பிறகு ஏழரை மணிக்கு யாரும் தட்ட மாட்டார்கள். தொடர் தொடராக இழுக்கிறான் இழுக்கிறான் என்று திட்டியே வளர்ந்த ஜனம் அன்றைக்கு ஒரே குரலில் இழு என்றது. "இழு கண்ணு," என்றார் தணிகாசலம், "ஒரு கிளாஸ ஒரு நாள் பூரா வுழ வெச்சவன்தானே நீ."

"இழுக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு," என்றான் இளஞ்சேரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பொண்டாட்டிய வில்லியாக்கணும்."

பிலோமினா திடுக்கிட்டு எழுந்தாள். செல்லக்கனி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "என்னைய எப்படி வேணாலும் காட்டுங்க," என்றாள், "அவர் வந்தாப் போதும்."

அப்படியே ஆயிற்று. தொடரில் வரும் மனைவி புருவத்தை வில்லாக வளைத்துக்கொண்டாள், புருஷன் காசை ஒளித்தாள், மாமியாரைத் தள்ளிவிட்டாள், அவர் வாய்ப்புகளைக் கெடுத்தாள், அவர் கையில் முதன்முதலாகக் கிளாஸைக் கொடுத்தவளே அவள்தான் என்று காட்டினார்கள், ஒரு வெள்ளிக்கிழமை பாலில் எதையோ கலந்தாள். பிலோமினா அந்தப் பாவத்துக்கெல்லாம் குரல் கொடுத்துவிட்டு வந்து செல்லக்கனியின் காலடியில் உட்கார்ந்து அழுவாள். ஊரே தொடரைப் பார்த்தது. மார்க்கெட்டில் கீரைக்காரம்மா செல்லக்கனிக்குக் கட்டு கொடுக்க மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்துபோனாள், யாரோ ஒருத்தி நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். செல்லக்கனி முந்தானையை உதறிவிட்டு, ஏழரைக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நடந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, வாய் இருக்கிறவர்கள் பேசட்டும், தட்டுகிற கை தட்டினால் போதும்.

கை தட்டியது. ஆனால் உள்ளே வந்தவர் சுவரோடு ஒட்டி நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் பக்கத்தில் போனால் கையை முகத்துக்கு முன்னால் தூக்கினார், அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை, பாலைக் கொண்டுவந்தால் நடுங்கினார். தபால்காரர் இல்லை, அத்தை இல்லை, எந்தக் குரலும் இல்லை. கதவை இப்போது அவர் தட்டியதுகூட, அடிபடப்போகிறவன் தட்டுகிற மாதிரி இருந்தது. சந்து ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போனார்கள், ரேட்டிங் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் கேட்டார்: "கனி, நான் உனக்கு என்னட்டி செஞ்சேன்? எதுக்கு என்னைய இப்படிப் போட்டு வதைக்க?"

அவள் பதில் சொல்வதற்குள் விளம்பரம் போட்டார்கள். கண்ணில் நீர் கோத்தபடி, உதடு பிதுங்கியபடி அவர் அப்படியே நின்றார், கீழே ஒரு சோப்பு தன் வாசனையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தது, பாட்டு முடியும்வரை செல்லக்கனி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போதும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு வளசரவாக்கத்துப் பங்களாவில் நடக்கும் ஷூட்டிங்குக்குப் போனாள். மாமியாரைத் தள்ளிவிடும் காட்சியை இரண்டாம் தடவையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இளஞ்சேரனைத் தனியாக அழைத்து, "முடிச்சிடுப்பா," என்றாள்.

"அம்மா, இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்மா."

"இருக்கட்டும். நடந்தது எதுவோ அதைக் காட்டி முடி. நான் உனக்கு அந்தக் கடைசிச் சாயங்காலத்தச் சொல்லல."

அங்கே, மரத்தடியில், போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அன்றைக்குக் காலையில் அவளுக்கும் அவருக்கும் சண்டை, குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாள். சாயங்காலம் நல்ல மழை. குடித்துவிட்டுத்தான் வந்தார். டொக் டொக் என்று தட்டினார், யாரது என்றாள், அம்மா தபால் என்றார், போய்யா என்றாள். சிலிண்டர்காரன் வந்திருக்கேன் என்றார், அவளுக்கு உதட்டில் சிரிப்பு முட்டியது. கரண்ட் ரீடிங் எடுக்கணும் என்றார். பிறகு அவளுடைய அம்மா குரலிலேயே, ஏட்டி மருமவன நனைய விட்டுட்டியே, பாவி மட்ட, என்று ஏசினார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது, கை தாழ்ப்பாளில் இருந்தது.

"அப்புறம் அவர் குரல்லயே, கனி, நான்தான், அப்படின்னார்."

இளஞ்சேரன் தலை நிமிர்ந்தான். அவனும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

"நான்தான்னு சொன்னா அடுத்தாப்ல பெரிய குரல் ஒண்ணு வருமில்ல? அதைக் கேட்டுட்டுத் தொறக்கலாம்னு நின்னேன். தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, ஒன்ஸ் மோர் கேக்கிறவ மாதிரி நின்னேன். வரல. இன்னும் யோசிக்கார்னு நெனச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுத் தொறந்து பாத்தா ஆள் இல்ல. கோவத்துல எங்கயோ போயிட்டார்னு நெனச்சேன். கீழ, படி திரும்புற இடத்துல இருட்டுக்குள்ள கெடந்திருக்கார், விடிஞ்சுதான் பாத்தோம்."

பிலோமினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானுந்தான் நின்னேன்," என்றாள். "கீழ, என் கதவுக்குப் பின்னால. அந்த மாஸ்டர் நின்னாரு, அவர் பொண்டாட்டி நின்னா. சந்தே நின்னுச்சு. அடுத்த குரல் வரும்னு எல்லாரும் சிரிப்ப அடக்கிக்கிட்டு நின்னோம்."

இளஞ்சேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதைக் காட்டினா ஊர் உங்களை இன்னும் ஏசும்மா."

"செய்யாததுக்கு ஏசுனாங்க, வாங்கிக்கிட்டேன். செஞ்சதுக்கு ஏசட்டும்."

சேனல்காரர்கள் குதித்தார்கள், இளஞ்சேரன் பிடிவாதமாக நின்றான். பாலில் கலந்தது, மாமியாரைத் தள்ளியது எல்லாம் துரைப்பழம் கண்ட கெட்ட கனவு என்று ஒரே நாளில் அடித்துவிட்டான், தொடர்களுக்கு அந்த வசதி உண்டு. அன்றைக்குச் சாயங்காலம் துரைப்பழம் சுவரைவிட்டு விலகி வந்து, "ஏட்டி, என்னென்னவோ கனாக் கண்டேன்," என்று சொல்லி, ஒரு சட்டிச் சோறு சாப்பிட்டார். அடுத்த வாரம் தொடர் கடைசிக்கு வந்தது.

அந்தச் சாயங்காலம் ஊரில் எங்கும் மழை இல்லை, தொடரில் மழை, ஆகையால் செல்லக்கனியின் மாடிப்படியில் மட்டும் மழை பெய்தது. சந்தில் எல்லோரும் அன்று மாதிரியே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. செல்லக்கனி பூ வைத்து, பொட்டு வைத்து, துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். படியில் தள்ளாடி வரும் கால்சத்தம் கேட்டது. டொக் டொக்.

"யாரது?"

"அம்மா, தபால்!"

திறந்துவிட்டாள்.

சொட்டச் சொட்ட நனைந்து, தட்டக் கையைத் தூக்கியபடி நின்ற துரைப்பழம் ஏமாந்துபோனார். "என்னட்டி இது! முதல் குரலுக்கே தொறந்துட்ட! இன்னும் எத்தன வச்சிருக்கேன் தெரியுமா?"

"உள்ள வாங்க."

"குடிச்சிருக்கேன்."

"தெரியும், வாங்க."

கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் தலையைத் துவட்டினாள். கீழே, எல்லாப் பெட்டிகளிலும், தொடரின் மனைவி மூடிய கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள், வெளியே புருஷன் சிலிண்டர்காரனாகப் பேசிக்கொண்டிருந்தான், தெற்கே உடன்குடியிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி வரைக்கும் தொடர் பார்த்துக்கொண்டிருந்த ஜனமெல்லாம் தொற, தொற, பாவி தொற என்று கத்தியது. மாடியில் செல்லக்கனி துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டு நின்னுட்டேன்ங்க. அதான் தொறக்கல. கோவத்துல இல்ல."

அவருக்கு அது எந்த நாள் என்று தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார். "சிரிச்சியா? நெசமாவா?"

"நெசமா."

"நல்லாருந்துச்சா?"

"ரொம்ப நல்லாருந்துச்சு. அதான் தப்பாப் போச்சு."

அவர் முகம் குளிர்ந்தது. உடைந்த பல் தெரியச் சிரித்தார். "உங்க அம்ம குரல் ஒண்ணு பாக்கி இருக்கு. கடைசியா பெருசா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் செய்யாதது. செஞ்சு காட்டட்டா?"

இத்தனை வருஷமும் அவள் தூக்கத்தில்கூடக் காதைத் தீட்டிக் காத்திருந்த குரல் அது. ஒரே ஒரு கணம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாம்," என்றாள். "நீங்க பேசுங்க."

கீழே பெட்டிகளில் தொடரின் துரைப்பழம் தோளைத் தொங்கப்போட்டான். மேலே இவர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"கனி, நான்தான்."

"ஆமா," என்றாள் செல்லக்கனி. "நீங்கதான்."

பிறகு அந்த அமைதி வந்தது, விளக்கெல்லாம் அணைந்த பிறகு வரும் அமைதி, அதற்குள் ஒத்தையில் நிற்க முடியாமல்தான் அந்த மனுஷன் ஆயுசு முழுக்கக் குடித்தார். அன்றைக்கு அதற்குள் இரண்டு பேராக இருந்தார்கள். அவள் அடுத்த குரலுக்குக் காத்திருக்கவில்லை, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், சந்தில் ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் நீக்கும் சத்தம் கேட்டது, முதலில் பிலோமினாவுடையது, பிறகு தணிகாசலத்துடையது, பிறகு எல்லோருடையதும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர்கள், மாடிப்படியில் மட்டும் பெய்யும் மழையைப் பார்த்தபடி நின்றார்கள். அப்போது பெட்டிகளில் முற்றும் என்று போட்டார்கள். மழை நின்றது.

தொடர் முடிந்த மறுநாள் அதே ஏழரை மணிக்கு வேறொரு தொடர் தொடங்கியது, அதில் ஒரு மருமகள் டீ கிளாஸைக் கீழே போட்டாள். லைட்மேன் சந்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், பிலோமினா மட்டும் ஒரு தட்டில் இட்லி வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனாள். செல்லக்கனி அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், பொட்டை அழித்திருந்தாள், துண்டு மட்டும் இன்னும் ஈரத்தோடு தோளில் கிடந்தது.

"குடுக்கா, கொடியில போடுறேன்," என்றாள் பிலோமினா.

"இருக்கட்டும்," என்றாள் செல்லக்கனி. "காஞ்சிரும்."